பத்து மணிக்குள் ஒரு லாடா

காலை எட்டரை மணிக்கு நெவ்யானா தன் பழைய லாடா காரின் சாவியைத் திருப்பினாள். பானட்டுக்கு அடியில் ஒரு 'டிக்' கேட்டது. முகப்பில் எரிந்துகொண்டிருந்த விளக்குகள் எல்லாம் ஒரே மூச்சில் அணைந்தன. சாவியை விட்டதும், எதுவுமே நடக்காததுபோல மறுபடி எரிந்தன.

பத்து மணிக்கு நகராட்சியின் இழுவை லாரி வருவதாக இருந்தது.

முன்கண்ணாடியில் இரண்டு வாரமாகச் சிவப்பு ஒட்டுச்சீட்டு ஒன்று இருக்கிறது. 'பயன்பாட்டிலிருந்து நீங்கிய வாகனம்' என்று அச்சடித்த அந்தச் சீட்டின் அடியில், மார்ச் பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்குள் வண்டி தானாக நகராவிட்டால் பழைய இரும்புக் கிடங்குக்குக் கொண்டுபோகப்படும் என்று பேனாவால் எழுதியிருந்தது. எழுதியவரின் கையெழுத்து அழகாகவே இருந்தது. அதுதான் அவளுக்கு மேலும் எரிச்சலைக் கிளப்பியது.

வண்டி நவம்பரிலிருந்து நகரவில்லை என்பது உண்மைதான். நகர்த்த வேண்டியவள், இடதுகால் எலும்பு நவம்பரில் மாடிப்படியில் இரண்டாக முறிந்து, உள்ளே உலோகத் தண்டு வைத்து, நாலாம் மாடியில் கட்டிலோடு கிடந்தாள். லிஃப்ட் இல்லாத கட்டடம். இந்த மாதம்தான் கைத்தடியோடு படியிறங்கக் கற்றிருக்கிறாள். இறங்க இருபது நிமிடம் ஆகும். ஏற எவ்வளவு ஆகும் என்று யாருக்கும் அவள் சொல்வதில்லை.

கடை, மருந்துக்கடை, ஆஸ்பத்திரி எல்லாம் மூன்று கிலோமீட்டர் கீழே, டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கின்றன. பஸ் போன வருடமே இந்தப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டது. பிளாவ்திவ் நகரத்தில் இருக்கும் மகள் ரதோஸ்தினா தினமும் சாயங்காலம் போனில் கூப்பிடுவாள். பால்கனிக்குக் கண்ணாடி போட்டு மூடியாயிற்று, கட்டில் வாங்கியாயிற்று, திரைச்சீலைகூடத் தைத்தாயிற்று, அம்மா வரவேண்டியதுதான் பாக்கி. நெவ்யானா ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டு வந்தாள். போன வாரம் மகள் ஒரு கேள்வி கேட்டாள்.

"காரையும் எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னா, அந்த நாலாம் மாடியில உக்காந்து என்னம்மா பண்ணுவே?"

அதனால்தான் கார் இன்றைக்குக் கிளம்பியாக வேண்டும். கிளம்பாவிட்டால் கண்ணாடி பால்கனிதான்.

இரண்டாம் முறை திருப்பினாள். மறுபடி 'டிக்'.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. கட்டட முற்றத்தில் ஒரு கார் பானட்டைத் திறந்தால் போதும், ஐந்து நிமிடத்தில் பத்து நிபுணர்கள் வந்து நிற்பார்கள். ஸ்டார்ட்டர் போய்விட்டது என்றார் ஒருவர். பெட்ரோல் கெட்டுப்போயிருக்கும் என்றார் இன்னொருவர். மூன்றாமவர், இந்த வண்டியைச் சரிசெய்வதைவிட ஒரு கழுதை வாங்கலாம், கழுதைக்கு நகராட்சிச் சீட்டு ஒட்டுவதில்லை என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நெவ்யானாவும் சிரித்தாள். பிறகு, கழுதை வேண்டாம், முற்றத்தில் ஏற்கெனவே இடநெருக்கடியாக இருக்கிறது என்று அவரைப் பார்த்தே சொன்னாள்.

கொஞ்சம் தள்ளி, கையில் போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டு நின்றார் கம்புரோவ். குடியிருப்பவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கட்டட மேலாளர். மாடிப்படி விளக்கு மாற்றுவது, தண்ணீர்க் கணக்குப் பார்ப்பது, சண்டை வந்தால் பெரிதாக்குவது எல்லாம் அவர் வேலை. இந்த வண்டியைத் தூக்கச் சொல்லி நகராட்சிக்கு மூன்று முறை மனு எழுதிப்போட்டது அவர்தான் என்று முற்றத்தில் எல்லோருக்கும் தெரியும். அவருடைய மருமகன் போன கோடையில் நீளமான வெள்ளி நிறக் கார் ஒன்று வாங்கினான். அதை நிறுத்த முற்றத்தில் இடம் இல்லை. நெவ்யானாவின் லாடா நிற்கும் இடம் வாதுமை மரத்தடியில், வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது.

"திருமதி தோப்ரேவா," என்று நெவ்யானாவைக் குடும்பப்பெயரால் கூப்பிட்டார் கம்புரோவ், போனை இறக்காமல். "உங்க உடம்பை வருத்திக்காதீங்க. எல்லாத்துக்கும் ஒரு காலம் உண்டு. வண்டிக்கும் உண்டு."

"மேலாளருக்கும் உண்டு," என்றாள் நெவ்யானா. "அடுத்த மாசம்தானே தேர்தல்?"

பானட்டுப் பக்கம் நின்ற இல்கோ இருமினார். இரண்டாம் மாடிக்காரர். நாற்பது வருடம் பேக்கரியில் மாவு பிசைந்தவர், இப்போது மீன் பிடிக்கிறவர். நெவ்யானா படுத்திருந்த நாலு மாதமும் ரொட்டியும் தயிரும் மேலே கொண்டுவந்து வைத்தவர் அவர். மூன்று நாள் முன்பு பேட்டரியைக் கழற்றித் தன் வீட்டுச் சமையலறைக்குத் தூக்கிப்போய், இரண்டு ராத்திரி சார்ஜ் போட்டு, இன்று காலை ஏழு மணிக்குப் பழையபடி மாட்டியதும் அவர்தான். சார்ஜர் பச்சை விளக்குக் காட்டியது, தானே பார்த்தேன் என்று அவர் மூன்றாம் தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள் நெவ்யானா. "நான் கேக்கணும்."

மூன்றாம் முறை சாவியைத் திருப்பி, ஐந்து எண்ணும்வரை பிடித்தாள். விளக்குகள் செத்தன. விட்டதும் உயிர்த்தன. பேட்டரியில் சக்தி இல்லாவிட்டால் விளக்கு மங்கிக்கொண்டே போகும். இப்படி மொத்தமாகப் போய் மொத்தமாகத் திரும்பாது. சக்தி இருக்கிறது, வருகிற வழியில் எங்கோ ஏதோ மறித்துக்கொண்டிருக்கிறது. கைத்தடியை ஊன்றி இறங்கிவந்தாள். பேட்டரியின் கருப்பு முனையைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்றிருந்தது. சிவப்பு முனையைத் தொட்டவள் கையை உதறினாள். அடுப்பிலிருந்து இறக்கிய டம்ளர் போலச் சுட்டது.

சூடு எங்கே இருக்கிறதோ சண்டையும் அங்கே. துறைமுகத்தில் மின்சாரப் பிரிவுக்காரர்கள் அடிக்கடி சொல்வது அது.

நெவ்யானா இருபத்தேழு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினாள். பத்தொன்பது வயதில் முதன்முதலாக அந்த இரும்பு ஏணியில் ஏறியபோது, கீழே நின்ற ஆண்கள் அவள் பாதியில் திரும்புவாள் என்று பீர் பந்தயம் கட்டினார்கள். அவள் மேலே போய் உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டுக்குக்கூட இறங்காமல், பந்தயத்தில் தோற்றவர்களின் தலைக்கு மேலாகச் சிமெண்ட் மூட்டைகளை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பின்னொரு சமயம், அளவுக்கு மீறிய எடையைத் தூக்கச் சொன்னார் மேற்பார்வையாளர். முடியாது என்றாள். உத்தரவு என்றார். உத்தரவை நீங்களே வந்து தூக்குங்கள் என்று சொல்லிவிட்டு, மூன்று மணிநேரம் மேலேயே கைகட்டி உட்கார்ந்திருந்தாள். கடைசியில் பாரத்தை இரண்டாகப் பிரித்துத்தான் தூக்கினார்கள். துறைமுகம் பாதி மூடப்பட்ட வருடம் மிச்சமிருந்த சம்பளத்தில்தான் இந்த லாடாவை ஒரு பொறியாளரிடமிருந்து வாங்கினாள். அதற்குள் கணவன் ஸ்பெயினுக்கு ஆரஞ்சு பறிக்கப் போய், அங்கேயே வேர்விட்டிருந்தான்.

பானட்டுக்குள் குனிந்தாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், சிவப்பு முனையின் மேல் ஒரு சின்னக் காலிஃப்ளவர் பூத்திருந்தது. வெள்ளையும் பச்சையும் நீலமுமாகப் பொருபொருவென்று. அந்த ஆஸிட் உப்புக் கட்டிக்கு நடுவே, வயரைப் பிடிக்கும் கவ்விக்கு அடியில், ஏதோ சிவப்பாகத் துருத்திக்கொண்டிருந்தது. நூல்.

"அண்ணே, இதுக்கு மேலயா கவ்வியை மாட்டினீங்க?"

இல்கோ தொப்பியைக் கழற்றினார். தொப்பி கையில் இருந்தால் அவருக்குப் பொய் சொல்ல வராது.

"மார்த்தெனித்ஸாம்மா அது," என்றார். "நீ கட்டச் சொன்னது. நாரை இன்னும் வரல. நாரை வராம இன்னொருத்தர் மார்த்தெனித்ஸாவை நான் எப்படி அறுப்பேன்? அப்படியே அலுங்காம நகத்தி, சார்ஜ் போட்டு, அப்படியே திருப்பி வச்சேன். ஒரு இழை பிரியல, பாத்துக்கோ."

அதைச் சொன்னபோது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மார்ச் முதல் தேதி சிவப்பும் வெள்ளையுமாக நூல் முறுக்கிக் கட்டிக்கொள்ளாதவர் இந்தக் கட்டடத்தில் யாரும் கிடையாது. கையில் கட்டுவார்கள், ஆட்டுக்குட்டிக் கழுத்தில் கட்டுவார்கள், பிடித்த மரத்தில் கட்டுவார்கள். வருடம் முழுக்க நோய் அண்டாது. முதல் நாரையைக் கண்ணால் பார்க்கும்வரை அதைக் கழற்றக்கூடாது. கிரேனில் இருந்தபோது நெவ்யானா அதைத் நெம்புகோலின் கைப்பிடியில் கட்டுவாள். பழையதை அவிழ்க்காமல் அதன் மேலேயே புதியதைக் கட்டுவது துறைமுகப் பெண்களின் வழக்கம். கிரேன் அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. லாடா வந்ததும் அவள் யோசித்தாள். குளிர்காலத்தில் காரில் முதலில் சாவது எது? பேட்டரி. அப்படியானால் கட்ட வேண்டிய இடம் அதுதான். இருபது வருடத்துக்கும் மேலாக ஒவ்வொரு மார்ச் முதல் தேதியும் சிவப்பு முனையைச் சுற்றி, ஒரு நூலின் மேல் இன்னொரு நூல். இந்த வருடம் இறங்க முடியாததால், பால்கனியிலிருந்து கயிற்றில் நூலை இறக்கி, "அதே இடத்துல, சிவப்பு முனையில" என்று இல்கோவுக்குக் கத்திச் சொன்னாள்.

ஆஸிட் ஆவியையும் ஆற்றுப் பனியையும் அந்தக் கம்பளி நூல்கள் வருடக்கணக்காகக் குடித்துக்கொண்டிருந்தன. போன இலையுதிர்காலத்தில் வண்டி இரண்டு திருப்பில்தான் கிளம்பியது ஏன் என்று இப்போது புரிந்தது. குற்றம் இல்கோவினுடையது இல்லை. வண்டி நன்றாக இருக்க வேண்டும் என்று கட்டிக் கட்டி அதன் கழுத்தை நெரித்தது அவள்தான்.

மணி ஒன்பது ஐந்து.

"கத்தி இருக்கா?" என்றாள்.

தரைத்தள வீட்டுச் செவ்தா ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் அத்தை, நாரை வராமல் அறுக்கக்கூடாது, அவிழ்த்தாவது எடுங்கள் என்றாள். கூட்டத்தில் இரண்டு பெண்கள் அதையே முணுமுணுத்தார்கள். கழுதை வாங்கச் சொன்ன ஆள்கூட, இன்றைக்கு வேண்டாமே என்றார். நெவ்யானா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"நாரை எப்ப வரும்னு யாருக்காவது தெரியுமா? லாரி பத்து மணிக்கு வரும்."

மீன் அறுக்கும் கத்தியை இல்கோ நீட்டினார். அவள் கவ்வியின் பக்கமாகக் கத்தியை நுழைத்து ஒரே இழுப்பில் அறுத்தாள். உள்ளே நூலாக ஒன்றும் மிச்சமில்லை. விரலில் உதிர்ந்துபோகும் சாம்பல் நிறப் பொடிதான் இருந்தது, இந்த வருடத்து இழை ஒன்றைத் தவிர.

பிறகு வேலை வேகமாக நடந்தது. பத்தாம் நம்பர் ஸ்பானரால் முதலில் கருப்பு முனையைக் கழற்றினாள். சிவப்பைத்தான் முதலில் கழற்ற வேண்டும் என்று ஒருவர் வாதத்துக்கு வந்தார். ஸ்பானர் வண்டியின் உடம்பில் இடித்துத் தீப்பொறி பறந்தால் அவர் வீட்டுக்காரம்மாவுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டு அவரை அடக்கினாள். சிவப்புக் கவ்வி வர மறுத்தது. திருப்பித் திருப்பி அசைத்து, கடைசியில் பல் பிடுங்குவதுபோல் பிடுங்கினாள். செவ்தாவிடம் சமையல் சோடாவும் சுடுதண்ணீரும் கேட்டாள். பீன்ஸ் வேகவைக்க வைத்திருந்த சோடாப் பொட்டலம் முழுசாக வந்தது. பேட்டரி மூடிகளின் திருகு இறுக்கமாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சோடா உள்ளே போனால் பேட்டரி போச்சு. அப்புறம்தான் ஊற்றினாள். பச்சைக் கட்டி புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கியது. கூட்டம் ஓர் அடி பின்வாங்கி, இரண்டடி முன்னால் வந்தது. இல்கோவின் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள். முனையின் ஈயமும் கவ்வியின் உட்புறமும் புது நாணயம்போல மினுங்கும்வரை கத்தி முனையால் சுரண்டினாள்.

ஒன்பதே முக்காலுக்கு முற்றத்து வாசலில் மஞ்சள் விளக்குச் சுழன்றது. லாரி கால்மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டது.

ஓட்டுநர் முப்பது வயதுக்காரன், தடித்த கழுத்து. கையில் ஐந்து வண்டி எண்கள் எழுதிய தாள். காலையிலேயே களைத்த முகம். கம்புரோவ் ஓடிப்போய் அவனிடம் கைகொடுத்து, இதுதான், இதோ, கயிறு மாட்டலாம் என்றார். ஓட்டுநர் லாடாவைப் பார்த்தான். திறந்த பானட்டைப் பார்த்தான். கை முழுக்க நுரையோடு கைத்தடியில் சாய்ந்து நிற்கும் கிழவியைப் பார்த்தான்.

"யாரும்மா ஓனர்?"

"நான்தான். பத்துக்கு இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு."

செவ்தா வாசல் வழியாக வெளியே ஓடி வந்து நெவ்யானாவின் காதில் சொன்னாள். "அத்தை, உள்ள ஏறி உக்காந்துருங்க. ஆள் உள்ள இருந்தா தூக்கக்கூடாது, சட்டம் அப்படித்தான். நாளைக்கும் உக்காருங்க. நான் சூப் கொண்டுவர்றேன்."

ஓட்டுநருக்கும் அது காதில் விழுந்தது. ஆமாம், ஆள் இருந்தால் நான் தொடமாட்டேன் என்று அவனே ஒப்புக்கொண்டான். அதைச் சொன்னபோது அவனுக்கே அது பிடித்திருந்தது போலத் தோன்றியது. நாலு வண்டி மட்டும் தூக்கினால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்.

நெவ்யானா ஒரு கணம் கதவைப் பார்த்தாள். இருக்கை அங்கேதான் இருந்தது. கால் வேறு வலித்தது. உட்கார்ந்துவிட்டால் இன்றைக்குத் தப்பிக்கலாம். ஆனால் அப்புறம் மகள் கேட்ட கேள்வி அப்படியே இருக்கும். கிளம்பாத காரில் உட்கார்ந்திருப்பவளுக்கும் கண்ணாடி பால்கனியில் உட்கார்ந்திருப்பவளுக்கும் என்ன வித்தியாசம்?

"ஆள் உக்காந்ததால தப்பிச்ச வண்டின்னு இதுக்குப் பேர் வேண்டாம்," என்றாள். "வண்டி ஓடும். ஓடலைன்னா நீயே தூக்கிட்டுப் போ தம்பி. நானே கொக்கி மாட்டித் தர்றேன். கொக்கி மாட்ட எனக்கு உன்னைவிட நல்லாத் தெரியும்."

ஓட்டுநர் தோளைக் குலுக்கிவிட்டு, லாரிப் படியில் உட்கார்ந்து, காகிதத்தைப் பிரித்துப் பாலாடைக்கட்டி வைத்த பனித்ஸாப் பலகாரத்தைச் சாப்பிட ஆரம்பித்தான். பத்துமணிவரை, என்றான் வாய் நிறைய.

கவ்வியைத் திருப்பி மாட்டியபோதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. இத்தனை வருடம் அரித்ததில் கவ்வி தேய்ந்துபோயிருந்தது. திருகை முழுக்க முறுக்கியும் முனையின் மேல் தளர்ந்து ஆடியது. கிழவன் விரலில் கல்யாண மோதிரம் போல. புதுக் கவ்வி வேண்டும் என்றார்கள் நிபுணர்கள். கடை திறப்பதே பத்து மணிக்கு.

நெவ்யானா இல்கோவைத் திரும்பிப் பார்த்தாள். "தூண்டில் பை எங்க?"

அவர் கேள்வி கேட்கவில்லை. மேலே போய் ஒரு நிமிடத்தில் அதோடு வந்தார். பெருங்கெளுத்தி பிடிக்கக் கட்டும் ஈயக்குண்டுகளில் பெரியதாக ஒன்றை அவள் எடுத்தாள். வாசல்படிக் கல்லில் வைத்துச் சுத்தியலால் அடித்தாள். ஈயம் வெண்ணெய் போல நசுங்கியது. இருபது அடியில் அது விரல் அகலத் தகடாயிற்று. அடிக்கும்போது அவள் தோள் எப்படி ஏறி இறங்கியது என்பதைப் பார்க்கப் பின்னால் நின்றவர்கள் முன்னால் நெருங்கினார்கள். தகட்டை முனையைச் சுற்றி வைத்து, அதன்மேல் கவ்வியை இறக்கி முறுக்கினாள். பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

மேலே பூச செவ்தா ஒரு ஜாடிப் பன்றிக்கொழுப்பு கொண்டுவந்தாள். உப்புப் போட்டதா என்று கேட்டாள் நெவ்யானா. உப்புப் போடாமல் யார் வைப்பார்கள் என்றாள் செவ்தா. அப்படியானால் ரொட்டியில் தடவிக்கொள், பேட்டரிக்கு வாஸலின் கொண்டுவா என்று அனுப்பினாள். வாஸலின் வந்தது. கருப்பு முனையைக் கடைசியாக மாட்டினாள்.

மணி ஒன்பது ஐம்பத்து நான்கு என்று கம்புரோவ் சத்தமாக அறிவித்தார். இப்போது அவருடைய மருமகனின் வெள்ளிக் கார் முற்றத்து மூலையில் இன்ஜின் ஓட நின்றுகொண்டிருந்தது. உள்ளே மருமகன் தலையைக் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாவம், அவன் இந்தப் பக்கமே பார்க்கவில்லை.

சாவியைத் திருப்பினாள். விளக்குகள் அணையவில்லை. ஸ்டார்ட்டர் உறுமிச் சுழன்றது. நாலு மாதம் கேட்காத அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை. நிறுத்தினாள். மறுபடி சுழற்றினாள். சுழன்றது, பிடிக்கவில்லை.

கைதட்டல் நின்றது. கெட்டுப்போன பெட்ரோல், நான் சொன்னேனே என்றார் அந்தப் பழைய நிபுணர். கம்புரோவ் மூன்று நிமிடம் என்றார். இல்கோ தொப்பியை மறுபடி கழற்றினார்.

நெவ்யானாவின் முதுகில் வியர்வை வழிந்தது. ஆனால் வண்டி இப்போது அவளோடு பேசுகிறது, ஊமையாக இல்லை. நாலு மாதத்தில் கார்புரேட்டர் காய்ந்திருக்கும், வேறொன்றும் இல்லை. இறங்கினாள். பெட்ரோல் பம்பின் பக்கத்தில் இருக்கும் சின்ன நெம்புகோலை விரலால் அமுக்க ஆரம்பித்தாள். அமுக்கு, விடு. அமுக்கு, விடு. கம்புரோவ் இரண்டு நிமிடம் என்றார். அவள் எண்ணிக்கொண்டே அமுக்கினாள். முப்பதாவது தடவையில் நெம்புகோல் கனத்தது, உள்ளே பெட்ரோல் வந்து சேர்ந்துவிட்டது.

"ஒரு நிமிஷம்," என்றார் கம்புரோவ்.

"எண்ணிக்கிட்டே இருங்க, மேலாளரே," என்றாள், உள்ளே ஏறிக்கொண்டே. "நல்லா வருது உங்களுக்கு."

சோக்கை இழுத்தாள். திருப்பினாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, பிறகு இருமல், வாதுமை மரத்தையே மறைத்த நீலப் புகை. புகைக்குள்ளிருந்து லாடாவின் குரல் வந்தது. கரகரத்து, திக்கி, அப்புறம் சீராகி.

ஓட்டுநர் விரலை நக்கிவிட்டு எழுந்து வந்தான். வண்டி ஓடுகிறது சரி, ஆனால் சீட்டில் நகர வேண்டும் என்று இருக்கிறது, அது முற்றத்தைத் தாண்டித் தெருவுக்குப் போக வேண்டும், நான் படமெடுக்க வேண்டும் என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

அங்கேதான் கம்புரோவ் சிரித்தார். எல்லோருக்கும் உடனே புரிந்தது. இடத்தை விட்டு நகர்ந்தால் வெள்ளிக் கார் உள்ளே புகுந்துவிடும். நகராவிட்டால் லாரி தூக்கிவிடும். நெவ்யானா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மூலையில் நின்ற காரைப் பார்த்தாள். மே மாதம்வரை கிளட்சை மிதிக்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன கால் ஏற்கெனவே கிளட்சின் மேல் இருந்தது.

"அண்ணே, உங்க வீட்டு நாற்காலி எத்தனை?" என்றாள் இல்கோவிடம்.

"நாலு."

"செவ்தா?"

"ஆறு. மேசையும் இருக்கு அத்தை."

"கொண்டுவாங்க. காபி போடுங்க. நான் வர்றவரைக்கும் இங்கயே குடிங்க. மெதுவாக் குடிங்க."

கழுதைக்காரர்தான் முதலில் ஓடினார். இத்தனை நேரம் வேடிக்கை பார்த்ததற்கு ஏதாவது செய்ய வேண்டும் போல அவருக்கு இருந்திருக்க வேண்டும். லாடாவின் பின்சக்கரம் இடத்தை விட்டு நகர நகர, அந்த இடத்திலேயே நாற்காலிகள் வந்து விழுந்தன. கிளட்சை அமுக்கியபோது தண்டு வைத்த எலும்பில் வலி இடுப்புவரை ஏறியது. பல்லைக் கடித்தாள். முதல் கியர். வண்டி ஒருமுறை குதித்து, லாரியைச் சுற்றிக்கொண்டு வாசலைத் தாண்டியது. ஓட்டுநர் படமெடுத்துவிட்டுத் தாளில் ஒரு எண்ணை அடித்தான். கம்புரோவ் அவனிடம் ஏதோ சொல்ல, அவன் லாரிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

தெருவில் இரண்டு முறை வலது பக்கம் திரும்பினால் மறுபடி முற்றத்துக்கே வந்துவிடலாம். நெவ்யானா திரும்பவில்லை. நேராக இறக்கத்தில், ஆற்றுப் பக்கம் விட்டாள். துறைமுகத்தின் துருப்பிடித்த வேலியைக் கடந்து, சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்கில் நிறுத்தினாள். அங்கே இன்ஜினை அணைத்தாக வேண்டும். அணைத்தால் மறுபடி கிளம்புமா என்று தெரியாது. தெரியாமலேயே அணைத்தாள். ஈயத்தகடு வேலை செய்கிறதா என்று முற்றத்தில் பத்துப் பேர் தள்ளிவிடக் காத்திருக்கும்போது சோதிப்பது சோதனையே இல்லை.

எவ்வளவு போட வேண்டும் என்று பங்குக்காரன் கேட்டான். எப்போதும் இருபது லெவாவுக்குத்தான் போடுவாள்.

"ரொப்பு."

அவன் குழாயைச் செருகியபோது போன் அடித்தது. பகலில் ரதோஸ்தினா கூப்பிடுவதே இல்லை. அலுவலகத்திலிருந்து, தாழ்ந்த குரலில் பேசினாள். மணி பத்தே காலாகிவிட்டதே, எடுத்துப் போய்விட்டார்களா, அழுகிறாயா, யாராவது கூட இருக்கிறார்களா என்று ஒரே மூச்சில் கேட்டாள். சனிக்கிழமை வந்து கூட்டிப்போகிறேன், துணிகளை மட்டும் எடுத்து வை என்றாள்.

"நான் வரல," என்றாள் நெவ்யானா. "சனிக்கிழமையும் வரல, ஈஸ்டருக்கும் வரல. உங்களைப் பாக்க வருவேன். ஓட்டிக்கிட்டு வருவேன். பாத்துட்டுத் திரும்பிருவேன்."

"எதை ஓட்டிக்கிட்டு, அம்மா?"

பங்குக்காரன் மூடியைத் திருகிவிட்டுத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினான். நெவ்யானா போனைக் காதிலிருந்து எடுத்து ஸ்பீடோமீட்டருக்கு மேலே சாய்த்து வைத்தாள்.

"பேசாம இரு. கேளு."

சாவியைத் திருப்பினாள். முதல் சுற்றிலேயே பிடித்தது.

மறுமுனையில், பிளாவ்திவ் அலுவலகத்தில், யாரோ தட்டச்சு செய்யும் சத்தம் வந்தது. அப்புறம் மகள் கேட்டாள்.

"சீட் பெல்ட்டாவது போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்," என்றாள் நெவ்யானா, அதை இழுத்து மாட்டிக்கொண்டே.